கங்காணியும் வழிகாட்டியும்: மலையகப் பாடசாலைகளில் ஆசிரியரை ஆசிரியராக்குவது யார்?

மலையகக் கல்வி பற்றிய விவாதங்களில் நான்கு குறைகள் தவறாது எடுத்துரைக்கப்படுவதுண்டு. கட்டடம் போதாது, தளபாடம் போதாது, நிதி போதாது, ஆசிரியர் போதாது. இந்நான்கும் உண்மையென்பதை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆயின், இவற்றையே திரும்பத் திரும்பக் கூறிப் பழகிய நாவுக்கு ஐந்தாவது குறையொன்று எட்டுவதேயில்லை. பாடசாலைக்குப் புதிதாக வந்து சேரும் ஆசிரியருக்குத் தொழிலில் துணைநிற்க அப்பாடசாலைக்குள் எவரும் ஆயத்தம் செய்யப்படவில்லை என்பதே அக்குறை. முதல் நான்கையும் அரசு ஒரே நாளில் நிறைவு செய்துவிட்டதாகக் கொள்வோம். ஐந்தாவது குறை நிலைத்திருக்கும்வரை, புதிய கட்டடத்தினுள் புதிய தளபாடங்களின் நடுவே பழைய தோல்வியே நிகழ்ந்துகொண்டிருக்கும். அக்குறையை வெளிக்கொணர்வதும், அதனைப் பேணிவரும் ஒரு மனப்பாங்கைக் கண்டிப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியில், புசல்லாவையையும் தவலந்தென்னையையும் கடந்து மேலேறுவோர் இறம்பொடையில் வாகனத்தை நிறுத்துகின்றனர். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சியும், மலைச்சரிவில் அமைந்த அனுமார் கோயிலும் அவர்களது கண்களை நிறைத்துவிடுகின்றன. வீதியை விட்டுப் பிரிந்து தேயிலை மலைகளுக்குள் நுழையும் தோட்டப் பாதைகளின் முடிவிலுள்ள சிறு பாடசாலைகள் அவர்களது கண்ணிற் படுவதில்லை. அவர்களது கண்ணில் மட்டுமன்று. அவற்றுக்குப் பொறுப்பானவர்களின் கண்ணிலும் அவை அரிதாகவே படுகின்றன. அத்தகைய பாடசாலையொன்றுக்கு முதல் நியமனம் பெற்றுச் செல்லும் இளம் ஆசிரியையின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் நாளில் அவருக்கு வரவு இடாப்பும் வெண்கட்டிப் பெட்டியும் ஒரு வகுப்பும் ஒப்படைக்கப்படுகின்றன. பல இடங்களில் ஒரு வகுப்பன்று, இரண்டு வகுப்புகள். தடுப்புச் சுவரற்ற மண்டபத்தில் ஒரு புறம் இரண்டாந் தரத்துப் பிள்ளைகளும் மறுபுறம் மூன்றாந் தரத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருக்க, இரு சாராரையும் ஒரே வேளையில் கற்பிப்பது எங்ஙனம் என்று அவருக்குக் காட்டித் தருவார் யார்? அதிபருக்கு வலயப் பணிமனைக்கு அனுப்பவேண்டிய படிவங்கள். மூத்த ஆசிரியருக்குத் தமது வகுப்பு. ஆசிரிய ஆலோசகருக்கு மலைக்கு மலை பரந்து கிடக்கும் பாடசாலைகள். எனவே அந்த ஆசிரியை தனியே நீந்துகிறார். நீந்தக் கற்றவர் கரையேறுகிறார். கல்லாதவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார். இரண்டுக்குமிடையே வீணாகிப் போன ஆண்டுகளை இழந்தவர்கள் பிள்ளைகளே.

இந்நிலை தற்செயலாகத் தோன்றியதன்று. 1907ஆம் ஆண்டின் சட்டம், தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவூட்டும் பொறுப்பைத் தோட்டத்துரைமாரின் தலையிற் சுமத்தியது. அதன் வழி எழுந்த தோட்டப் பாடசாலையின் ஆசிரியர், தோட்ட நிர்வாகத்தின் ஊழியராகவே இருந்தார். அவருக்கு மேலே துரை இருந்தார். அவ்வப்போது வந்துபோகும் பரிசோதகர் இருந்தார். உடன் நின்று தொழில் பழக்கும் சக ஆசிரியர் எவரும் இருந்திலர். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், 1960–61 காலப்பகுதியில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலை வாயிலுக்கு வெளியிலேயே நின்றது. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதை அடுத்தே அப்பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. கை மாறியது, கட்டடங்களும் மெல்ல மெல்ல மாறின, 1986இல் சுவீடனின் உதவியுடன் தொடங்கிய பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டம் அம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ஆயினும் ஆசிரியருக்கும் அவருக்கு மேலுள்ளவருக்கும் இடையிலான உறவின் இயல்பு மாறியதா என்பதே வினா. துரையின் இடத்தில் பணிப்பாளர் அமர்ந்தார். பரிசோதகரின் இடத்தில் மேற்பார்வைக் குழு வந்தது. பார்ப்பவர் ஒருவர், பார்க்கப்படுபவர் ஒருவர் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே எஞ்சியது.

இந்த ஏற்பாட்டுக்குத் தோட்டத்தில் ஒரு பெயர் உண்டு: கங்காணி. கண்காணி என்னும் சொல்லின் திரிபே அது. கங்காணியின் தொழில் கொழுந்து பறிப்பதன்று, பறிப்பவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. மலையில் நிற்கும் எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பாருங்கள்: இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரல் நுட்பத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் கங்காணியா? அல்லர். அடுத்த நிரையில் நின்ற தாயோ, சிற்றன்னையோ, மூத்த பெண்ணொருத்தியோதான் கற்றுக்கொடுத்தார். அவர் தம் கூடையை நிரப்பிக்கொண்டே பக்கத்து நிரையையும் பார்த்தார். முற்றிய இலையைத் தொட்ட விரலைத் தடுத்தார். தாம் கிள்ளுவதைப் பார்க்கவிட்டார். மலையக மக்களின் உழைப்புத் திறன் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டது நிரையிலேயன்றிக் கங்காணியின் கைத்தடியில் அன்று. வியப்புக்குரியது யாதெனில், தேயிலைச் செடிக்குக் கிடைத்த இந்த நல்வாய்ப்பு மலையகப் பிள்ளையின் கல்விக்குக் கிடைக்கவில்லை என்பதே. பாடசாலைக்குள் நாம் கொண்டுவந்தது நிரையை அன்று, கங்காணியை.

அண்மைக்கால உதாரணம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். 2014ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலுக்கமைய, பெருந்தோட்டப் பாடசாலைகளின் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வெற்றிடங்களுக்கு உயர்தரம் சித்தியெய்திய இளைஞர் யுவதிகள் 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். போராட்டங்களின் பின்னர் அது 10,000 ரூபாயாயிற்று. தோட்டத்தில் முழுநாள் வேலை கணக்கிலெடுக்கப்படாதபோது இடப்படுவதை 'அரைப்பேர்' என்பர். படித்த இளைஞருக்கு அரசு இட்டதும் அரைப்பேரே. இக்கொடுப்பனவின் அநீதியைப் பற்றிப் பலரும் பேசினர், பேசியது நியாயமே. ஆனால் அப்பெயரிலேயே புதைந்திருந்த மற்றோர் அநீதியைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். உதவியாளர் எனில், யாருக்கு உதவியாளர்? உதவியாளர் ஒருவர் இருப்பின், அவர் அருகிலிருந்து கற்றுக்கொள்ளத்தக்க முதன்மை ஆசிரியர் ஒருவரும் இருத்தல் வேண்டுமன்றோ? ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்பவே அனுப்பப்பட்டவர்கள், வெறுமையான வகுப்பறைகளில் தனியே நிறுத்தப்பட்டனர். பெயரளவில் உதவியாளர், பணியளவில் முழு ஆசிரியர், துணையளவில் அநாதை. பயிற்சிக் கலாசாலைக்கு அவர்கள் பின்னர் அனுப்பப்பட்டனர் என்பது உண்மை. ஆயின் தொழிலின் முதற் பழக்கங்கள் உறையும் காலம் அதற்கு முன்னரே கடந்துவிட்டது.

முறைப்படி பயிற்றப்பட்டோரின் நிலையும் இதிலிருந்து முற்றாக வேறுபட்டதன்று. தேசிய கல்வியியற் கல்லூரிகளின் பாடநெறி மூன்றாண்டுக்குரியது. அவற்றுள் இரண்டாண்டுகள் கல்லூரியிலும், மூன்றாமாண்டு பாடசாலையொன்றிலும் கழியும். ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் உருவான ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலிருந்து வெளிவரும் மாணவ ஆசிரியர்களும் இவ்வாறே பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். அம்மூன்றாமாண்டில் பாடசாலையின் அனுபவமிக்க ஆசிரியர் ஒருவர் அவர்களுக்கு வழிகாட்டியாதல் வேண்டும் என்பதே திட்டத்தின் உயிர்நாடி. திட்டத்தைக் குறைகூற இடமில்லை. ஆனால் வினவ இடமுண்டு. அவ்வழிகாட்டி எவ்வாறு தெரிவு செய்யப்படுகிறார்? சேவை மூப்பு ஒன்றே தகுதியாகுமா? வழிகாட்டுதற்கென அவர் பெற்ற பயிற்சி எத்தனை நாட்களுக்குரியது? அவரது நேரசூசியில் அதற்கென ஒதுக்கப்பட்ட பாடவேளைகள் எத்தனை? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை கூறத் தயாரான பாடசாலைகள் எத்தனை உள என்பதைப் பொறுத்தே அத்திட்டத்தின் உண்மை மதிப்பு அமையும்.

வழிகாட்டல் என்பது நல்லியல்பு படைத்தவருக்குத் தானே வந்துவிடும் ஒன்றென எண்ணுவதே தவறுகளுக்கெல்லாம் தாயான தவறு. பிள்ளைகளுக்கு நன்கு கற்பிப்பவர் சக ஆசிரியருக்கும் நன்கு கற்பிப்பார் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. பிள்ளை தன் அறியாமையை மறைப்பதில்லை, வளர்ந்தவர் மறைப்பார். பிள்ளைக்கு விடையைச் சொல்லிவிடலாம். சக ஆசிரியருக்குச் சொல்லப்படும் விடை பெரும்பாலும் காதோடு நின்றுவிடும். ஆதலின் வழிகாட்டல் வேறொரு தொழில். அதனைத் தனியே கற்றல் வேண்டும்.

எந்தப் பாடசாலையிலும் நிகழக்கூடிய இருவகை உரையாடல்களை ஒப்புநோக்கினால் இது விளங்கும். மூன்றாந் தரத்தில் கணித பாடம் முடிகிறது. பார்வையிட்டவர் கேட்கிறார்: "பாடக்குறிப்பு எங்கே? நேற்றைய திகதிக்குப் பின் ஒன்றும் எழுதப்படவில்லையே! சுவரில் காட்சிப் பொருள் ஏன் இல்லை? வகுப்பில் இத்தனை சத்தம் கூடாது." இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. எனினும் இவற்றைக் கேட்ட ஆசிரியை மறுநாள் செய்யப்போவது குறிப்பெழுதுவதும் சுவரில் ஒரு படத்தை ஒட்டுவதுமேயாகும். கணிதம் முன்னிருந்த இடத்திலேயே இருக்கும். இனி மற்றையவர் கேட்பதைப் பார்ப்போம்: "கடைசி வாங்கிலிருந்த மூன்று பிள்ளைகளும் விரல்விட்டு எண்ணி முடிக்குமுன்பே விடை கரும்பலகைக்கு வந்துவிட்டது. அது உங்கள் கண்ணில் பட்டதா, தங்கச்சி? நாளைக்கு அந்த மூவரையும் முன்னுக்கு அழைத்தால் எப்படியிருக்கும்? நீங்கள் செய்து பாருங்கள். நான் அவர்களை மட்டும் கவனித்துச் சொல்கிறேன்." முன்னவர் ஆசிரியரைப் பார்த்தார், பின்னவர் பிள்ளையைப் பார்த்தார். முன்னவர் ஏழு குறைகளை எழுதிச் சென்றார். பின்னவர் ஒன்றைத் தெரிந்தெடுத்து மறுநாளும் வந்தார். முன்னவருக்கு அதிகாரம் போதும். பின்னவருக்கோ பொறுமையும் பயிற்சியும் வேண்டும். தாம் கற்பிப்பதையும் பிறர் வந்து பார்க்க இடங்கொடுக்கும் துணிவும் வேண்டும்.

இதற்கு எதிராக எழும் நியாயங்கள் சில. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குதல் தகும்.

"எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? நாங்கள் தட்டுத்தடுமாறித்தானே கற்றுக்கொண்டோம்!" என்பது ஆசிரியர் ஓய்வறைகளில் அடிக்கடி கேட்கும் முதலாவது நியாயம். தாம் பட்ட துன்பத்தைப் பிறரும் படுவதே முறை என்று கூறுவது அனுபவத்தின் குரலன்று, வஞ்சத்தின் குரல். அன்றியும், தட்டுத்தடுமாறிக் கற்றவர் தடுமாறிய காலத்தில் அவர்முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் எங்கே? அவர்களிற் பலர் பாடசாலையை இடைநடுவில் விட்டுக் கொழும்பின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குச் சென்றுவிட்டனர். ஆசிரியரின் சுயகல்விக்கு அவர்களே கட்டணம் செலுத்தினர்.

"ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தித் திட்டங்கள் இருக்கின்றன, இனி என்ன வேண்டும்?" என்பது நிருவாகத்தின் நியாயம். ஆலோசகர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயின் ஒரு தவணையில் ஒருமுறையோ இருமுறையோ வந்து செல்லும் விருந்தினர் எத்துணை வல்லுநராயினும், அன்றாடம் அருகிருப்பவரின் இடத்தை நிரப்ப இயலாது. பாடசாலை மட்ட விருத்தியோ பெரும்பாலும் ஒரு பிற்பகற் கருத்தரங்காகவும், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ஒரு பதிவாகவும் முடிந்துவிடும் ஆபத்துடையது. கருத்தரங்கில் கேட்டது வகுப்பறைக்குள் நுழைவதற்கு இடையிலுள்ள கதவை ஒரு சக ஆசிரியரே திறந்துவிட முடியும்.

மூன்றாவது நியாயம் வலுவானது. "பாடம் எடுக்கவே ஆளில்லாத இடத்தில், ஒருவர் வகுப்பை மற்றவர் சென்று பார்க்க நேரமேது?" ஆசிரியர் பற்றாக்குறையை அறிந்தவர் எவரும் இவ்வினாவை எள்ளி நகையாடார். எனினும் கணக்கொன்று பார்த்தல் வேண்டும். வாரத்துக்கு நாற்பது பாடவேளைகள் கொண்ட நேரசூசியில் இரண்டு பாடவேளைகளை வழிகாட்டலுக்கு ஒதுக்குவது நூற்றுக்கு ஐந்து வீதமேயாகும். துணையற்ற புதிய ஆசிரியர் தம் முதலிரு ஆண்டுகளில் பயனின்றிக் கழிக்கும் பாடவேளைகள் அந்த ஐந்து வீதத்தினுள் அடங்குமா? மனமுடைந்து இடமாற்றம் பெற்றுச் செல்லும் ஒருவரால் ஏற்படும் வெற்றிடம் எத்தனை பாடவேளைகளை விழுங்கும்? ஆளில்லை என்பதற்காகவே ஆளை வளர்க்காதிருப்பது, விதைநெல்லைச் சமைத்துண்ணும் குடியானவனின் சிக்கனத்தை ஒத்தது.

நான்காவதாக, வகுப்பறைக்குள் மற்றோர் ஆசிரியர் நுழைவதையே அவமதிப்பாகக் கருதும் போக்கொன்று ஆசிரியரிடையே உண்டு. தொழிற்சங்கங்களும் அதற்கு ஆதரவாக நிற்பதுண்டு. இவ்வச்சத்தைப் பிற்போக்கென்று ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. நூறாண்டுக் காலம் கண்காணிக்கப்பட்ட தொழிலாளியின் நியாயமான அச்சம் அது. அவ்வச்சத்தை அகற்ற வழி ஒன்றே: உதவுபவரின் கையிலிருந்து மதிப்பீட்டுப் படிவத்தைப் பறித்துவிட வேண்டும். பதவியுயர்வுக்கும் சம்பள ஏற்றத்துக்கும் அறிக்கை எழுதுபவரிடம் எவரும் தம் பலவீனத்தைத் திறந்துகாட்டார். வழிகாட்டியின் நாட்குறிப்பு வழிகாட்டப்படுபவருக்கே உரியது. அது அதிபரின் மேசைக்கும் செல்லலாகாது. சங்கங்கள் எதிர்க்கவேண்டியது வழிகாட்டலை அன்று. வழிகாட்டல் என்ற பெயரில் நுழையும் கங்காணித்தனத்தையே.

இக்கருத்துகள் மேனாட்டிலிருந்து இறக்குமதியான புதுமைகள் எனச் சிலர் ஐயுறலாம். பவணந்தியாரின் நன்னூலைப் பாடமாகப் படித்தவர்கள் அவ்வாறு ஐயுற இடமில்லை. ஆசிரியர் சொன்னதை முழுதும் உள்வாங்கிய மாணவனுக்கும் புலமையின் காற்பங்கே கைகூடும் என்றும், அதே பயிற்சியில் ஈடுபட்டோருடன் பழகுவதால் மற்றொரு காற்பங்கு வந்துசேரும் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்றும் அந்நூல் கணக்கிடுகிறது. இக்கணக்கை ஆசிரியத் தொழிலுக்குப் பொருத்திப் பார்த்தால், பயிற்சிக் கல்லூரி தருவது காற்பங்கு. சக ஆசிரியர் தருவது காற்பங்கு. சக ஆசிரியருக்கு வழிகாட்டுவதால் ஒருவர் தாமே பெறுவது அரைப்பங்கு. எனவே வழிகாட்டல் என்பது மூத்தவர் இளையவருக்கு இடும் பிச்சையன்று. மூத்தவர் தம் தொழிலை நிறைவாக்கிக்கொள்ளும் வழியுமாகும். நன்னூல் பழிக்கும் ஆசிரிய வகைகளுள் ஒன்று மடற்பனை: ஏறிப் பறிக்க இடங்கொடாது, தானாக விழுந்ததை மட்டுமே பிறருக்குத் தருவது. அறிவிருந்தும் அணுகவொண்ணாதவராய் ஓய்வறையில் அமர்ந்திருக்கும் மூத்தோருக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பதரிது.

மலையகத்தின் சொந்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1960களில் ஹற்றன் ஹைலன்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியர்களாயிருந்த இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் போன்றோரைச் சூழ ஒரு தலைமுறை உருவாயிற்று. மலையக இலக்கியத்திலும் கல்வியிலும் பொதுவாழ்விலும் பின்னர் முன்னணியில் நின்றோர் பலர் அத்தலைமுறையினரே. அங்கு நிகழ்ந்தது உத்தரவினால் நிகழ்ந்ததன்று, அருகிருப்பினால் நிகழ்ந்தது. ஆனால் அதனை நினைவுகூர்ந்து பெருமிதங் கொள்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். பெருமனிதர் ஒருவரின் ஆளுமையில் தங்கியிருக்கும் வழிகாட்டல், அவர் அகன்றதும் அகன்றுவிடும். ஆளுமையைப் போற்றுவது எளிது. அதனை ஒரு முறைமையாக மாற்றுவதே கடினம்.

முறைமையாக மாற்றியோர் உலகில் உளர். யப்பானிய ஆசிரியர்கள் பல தலைமுறைகளாகப் பேணிவரும் 'பாட ஆய்வு' என்னும் வழக்கில், சில ஆசிரியர்கள் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர். ஒருவர் அதனைக் கற்பிப்பார். ஏனையோர் பிள்ளைகள் எவ்வாறு கற்கின்றனர் என்பதைக் கவனிப்பர். பின்னர் கூடிப் பேசித் திருத்துவர். குறை கண்டறியப்படுவது பாடத்தில். ஆசிரியரில் அன்று, ஏனெனில் அப்பாடம் அனைவருக்கும் பொதுவானது. இதற்குப் பெரும் பணமோ வெளிநாட்டு நிபுணரோ தேவையில்லை. நாலைந்து ஆசிரியர்களே உள்ள தோட்டப் பாடசாலையால் தனித்து இதனைச் செய்ய இயலாதெனின், அயற் பாடசாலைகள் சேர்ந்து செய்யலாம். பாடசாலைக் கொத்தணி என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை முன்மொழிந்ததே அது. தவலந்தென்னையிலிருந்து இறம்பொடை ஊடாக லபுக்கலை வரை ஒரே வீதியை அண்டியுள்ள பாடசாலைகளின் ஆசிரியர்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒரு வகுப்பறையில் கூடுவதற்கு மலை தடையன்று, மனமே தடை.

எனவே வேண்டப்படுவன பெரியனவல்ல. முதல் நியமனம் பெறும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஈராண்டுக்கு ஒரு வழிகாட்டி பெயர் குறித்து நியமிக்கப்படல் வேண்டும். அவ்வழிகாட்டி, சேவை மூப்பினால் மட்டுமன்றிக் கேட்கும் திறத்தினாலும் கற்பிக்கும் திறத்தினாலும் தெரிவு செய்யப்பட்டு, அத்தொழிலுக்கெனப் பயிற்றப்படல் வேண்டும். அவருக்கு வாரத்தில் இரண்டு பாடவேளைகள் எழுத்தில் ஒதுக்கப்படல் வேண்டும். அவர் கையில் மதிப்பீட்டுப் படிவம் எதுவும் இருத்தலாகாது. பல தரங்களை ஒருங்கே கற்பிப்பதில் தேர்ந்த தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே அக்கலைக்கு வழிகாட்டிகளாதல் வேண்டும். நகரப் பாடசாலையின் அனுபவத்தை மலைக்கு ஏற்றி இறக்குவதாற் பயனில்லை.

இவ்வேண்டுகோள் கல்வி அமைச்சுக்கு மட்டும் உரியதன்று. கலைப்பீடத்திலிருந்து இன்று பட்டம் பெற்றுச் செல்வோரிற் கணிசமானோர் நாளை ஆசிரியர்களாகவே இருப்பர். மலையகத்திலிருந்து வந்து பயில்வோருக்கு இது மேலும் பொருந்தும். பட்டதாரி என்ற பெருமையுடன் தோட்டப் பாடசாலையினுள் நுழையும் ஒருவர், அங்கு இருபதாண்டுகளாகக் கற்பித்துவரும், பட்டமில்லாத ஆசிரியையிடம் கற்றுக்கொள்ள மறுப்பாராயின், வழிகாட்டல் முறைமையை முதலில் குலைப்பவர் அவரே. பத்தாண்டுகளின் பின்னர் அவர் தம்மினும் இளையவரை நோக்கி "எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?" என்று கேட்பாராயின், அதனைப் புதைப்பவரும் அவரே.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டுகள் அம்மக்கள் கண்காணிக்கப்பட்டது போதும். அவர்தம் பிள்ளைகளின் ஆசிரியர்களையேனும் அடுத்த நிரையில் நின்று வளர்க்கும் கைகள் வேண்டும். மேட்டில் நின்று நோக்கும் கண்களுக்கு மலையகத்தில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை.